எழுத்துக் கட்டங்களைச் சுழற்றும் புதிர்கள்: எதிலிருந்து தொடங்கலாம்?

பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் சில மாணவர்களுக்கு வார இறுதிகளில் நிரலெழுதப் பயிற்சி அளித்து வருகிறேன். இந்த முறை ஆறு அமர்வுகளை எழுத்துக் கட்டங்களுக்காக ஒதுக்கியிருக்கிறேன். ஒவ்வொரு வரியிலும் ஒரே எண்ணிக்கையில் எழுத்துகளை அடுக்கிய உரையைத்தான் எழுத்துக் கட்டம் என்கிறேன். அதைக் கால் சுற்று திருப்புவது, கண்ணாடியில் தெரிவதைப்போல இடவலமாக மாற்றுவது, மேல்கீழாகக் கவிழ்ப்பது, மூலைவிட்டத்தின் வழியே மடிப்பது ஆகியவை இவ்வகைப் புதிர்களில் வரும் வேலைகள். பொருத்தமான புதிர்கள் நான்கு இடங்களில் கிடைக்கின்றன: கோட்வார்ஸ் தளத்தில் நான்கு பகுதிகளாக உள்ள ‘மூவ்ஸ் இன் ஸ்குவேர்ட் ஸ்ட்ரிங்ஸ்’, லீட்கோட் தளத்தின் 48ஆம் எண் புதிரான ‘ரொட்டேட் இமேஜ்’, யுஎஸ்ஏ கம்ப்யூட்டிங் ஒலிம்பியாடின் பயிற்சிப் பகுதியில் உள்ள ‘டிரான்ஸ்ஃபார்மேஷன்ஸ்’, அட்வென்ட் ஆஃப் கோட் தளத்தில் டிசம்பர் மாதங்களில் வந்த சில புதிர்கள். எல்லாவற்றையும் ஆறு அமர்வுகளில் அடக்க இயலாது. எதை முதலில் வைப்பது, எதைப் பின்னுக்குத் தள்ளுவது, எதை விட்டுவிடுவது என்பதைத் தீர்மானிக்க நான்கையும் மாணவர்களின் நிலையிலிருந்து பைத்தானில் மீண்டும் செய்து பார்த்தேன்.

சொற்களைப் பற்றி ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. பள்ளிக் கணிதப் பாடநூல்களில் கிடைவரிசையை நிரை என்றும் நெடுவரிசையை நிரல் என்றும் படித்திருக்கிறோம். கணினிப் பாடத்திலோ நிரல் என்பது நாம் எழுதும் கட்டளைத் தொகுப்பைக் குறிக்கிறது. இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தால் குழப்பமாகும் என்பதால், இங்கே வரிசை, நெடுவரிசை என்றே எழுதுகிறேன். சுழலும் திசைகளுக்கு வலஞ்சுழி, இடஞ்சுழி என்ற நல்ல சொற்கள் நம்மிடம் உள்ளன. வரிசைகளை நெடுவரிசைகளாக மாற்றும் செயலை இடமாற்று என்கிறேன்.

ஒப்பிடுவதற்கு முன், இந்தப் பயிற்சியால் மாணவருக்கு என்ன கிடைக்க வேண்டும் என்பதை வரையறுத்துக்கொண்டேன். ஒரு சதுரக் கண்ணாடித் தகட்டை அதன் சட்டத்திலிருந்து எடுத்து மறுபடி பொருத்தினால், அதன் ஒரு மூலை நான்கு இடங்களில் ஏதேனும் ஒன்றில் அமரலாம். தகட்டின் முன்பக்கமோ பின்பக்கமோ நம்மை நோக்கியிருக்கலாம். ஆகவே சதுரக் கட்டத்திற்கு மொத்தம் எட்டு நிலைகள்தான் உண்டு. அந்த எட்டையும் இரண்டே செயல்களிலிருந்து பெற்றுவிடலாம். இடமாற்று செய்து, பிறகு ஒவ்வொரு வரிசையையும் பின்னிருந்து முன்னாகத் திருப்பினால் வலஞ்சுழியாகக் கால் சுற்று கிடைக்கிறது. அதே இரண்டு செயல்களை வரிசை மாற்றிச் செய்தால் இடஞ்சுழியாகக் கால் சுற்று கிடைக்கிறது. இரண்டு பிரதிபலிப்புகள் சேர்ந்து ஒரு சுழற்சியாவதும், அவற்றின் முன்பின் மாறினால் திசையே மாறுவதும் ஒரு மாணவருக்குத் தன் கையால் செய்து பார்த்துப் புரிய வேண்டும். சூத்திரத்தை மனப்பாடம் செய்து ஒப்பிப்பவர் ஆறு மாதத்தில் அதை மறந்துவிடுவார். சிறு செயல்களைக் கோத்துப் பெரிய செயலைக் கட்டக் கற்றவர் சூத்திரத்தைத் தேவைப்படும்போது தாமே வருவித்துக்கொள்வார். எனவே, கோக்கும் பழக்கத்தை எந்தப் புதிர் அதிகம் வளர்க்கிறது என்பதையே முதல் அளவுகோலாக வைத்தேன். தவறு செய்தால் அந்தத் தவறு வெளியே தெரிகிறதா என்பது இரண்டாவது.

இந்த இரண்டு அளவுகோல்களின்படியும் தொடக்கத்திற்கு ஏற்றது கோட்வார்ஸின் சதுரச் சரங்கள்தான் என்பது என் முடிவு. அதில் கட்டம் ஒரே சரமாக, அதாவது எழுத்துகளின் ஒரே தொடராகத் தரப்படுகிறது: நான்கு வரியென்றால் வரிக்கு நான்கு எழுத்து, வரிகளுக்கிடையே புதுவரிக் குறி. முதல் பகுதி இடவலப் பிம்பத்தையும் மேல்கீழ்ப் பிம்பத்தையும் மட்டும் கேட்கிறது. இரண்டாம் பகுதி அரைச் சுற்றைக் கேட்கிறது. மூன்றாம் பகுதியில் முதன்மை மூலைவிட்டத்தின் வழியான மடிப்பும் வலஞ்சுழிக் கால் சுற்றும், நான்காம் பகுதியில் மற்ற மூலைவிட்டத்தின் வழியான மடிப்பும் இடஞ்சுழிக் கால் சுற்றும் வருகின்றன. எண்ணிப் பார்த்தால் இவை ஏழு. எதையும் மாற்றாமல் விடுவதையும் சேர்த்தால் எட்டு நிலைகளும் நிறைவடைகின்றன. இது தவிர, எந்தச் செயற்கூற்றை, அதாவது ஒரு வேலையைச் செய்யும் பெயரிட்ட நிரல்துண்டை, பயன்படுத்த வேண்டும் என்பதையே உள்ளீடாகப் பெறும் இன்னொரு செயற்கூற்றையும் எழுதச் சொல்கிறது. செயலைக் கையில் எடுத்துக் கொடுக்கக்கூடிய பொருளாகப் பார்க்கும் பார்வை மாணவருக்கு முதல் நாளிலேயே அறிமுகமாவதை நான் பெரிய நன்மையாகக் கருதுகிறேன்.

கட்டம் சரமாக வருவதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. எண்களின் அணியாக வரும் கட்டத்தில் மாணவர் சந்திக்கவே சந்திக்காத சிக்கல்கள் உரையில் உடனே தலைகாட்டுகின்றன. அரைச் சுற்றையே எடுத்துக்கொள்வோம். முழுச் சரத்தையும் கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துவரை திருப்பி எழுதினாலே அரைச் சுற்று கிடைத்துவிடும். இடையிலுள்ள புதுவரிக் குறிகள் தாமாகவே சரியான இடத்தில் போய் அமர்ந்துகொள்ளும். இதைக் கண்டுபிடிக்கும் மாணவரின் மகிழ்ச்சி பார்க்கத் தக்கது. ஆனால் அதே உத்தியைக் கோப்பிலிருந்து படித்த கட்டத்தில் செய்தால், கோப்பின் இறுதியிலுள்ள புதுவரிக் குறி முன்னுக்கு வந்து, விடையின் மேலே ஒரு வெற்று வரி நிற்கும். புதுவரிக் குறியை வைத்துச் சரத்தைப் பிரிக்கும்போதும் இதே குறி கடைசியில் ஒரு வெற்று வரிசையை உண்டாக்கும். அந்த வெற்று வரிசை இருக்கும் நிலையில் பைத்தானின் ஜிப் செயற்கூற்றால் இடமாற்று செய்தால் முழுக் கட்டமும் மறைந்துவிடும். ஏனெனில் ஜிப் தனக்குத் தரப்பட்ட வரிசைகளுள் மிகக் குட்டையானது முடிந்தவுடன் நின்றுவிடுகிறது, மிச்சத்தை எந்த அறிவிப்பும் இல்லாமல் கைவிடுகிறது. பிழைச் செய்தியும் வராது. என் மாணவர் ஒருவர் ஒரு மாலைப்பொழுது முழுவதும் சுழற்றும் சூத்திரத்தில் தவறைத் தேடினார். தவறு கோப்பைப் படித்த வரியில் இருந்தது. ஜிப்பின் இந்தக் குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இக்கட்டுரையின் இறுதியில் அது மறுபடி வரும்.

சதுரச் சரங்களுக்கு ஒரு குறையும் உண்டு, அது சிறிய குறையன்று. பெயருக்கேற்ப எல்லாக் கட்டங்களும் சதுரமாகவே வருகின்றன. வரிசைகளின் எண்ணிக்கையையும் நெடுவரிசைகளின் எண்ணிக்கையையும் மாற்றிப் போட்டு எழுதிய நிரல்கூட எல்லாச் சோதனைகளிலும் தேறிவிடும். அதனால் முதல் அமர்விலேயே இரண்டு வரிசை, மூன்று நெடுவரிசை கொண்ட ஒரு கட்டத்தைக் கரும்பலகையில் எழுதிவிடுகிறேன்:

க ங ச
ஞ ட ண

வலஞ்சுழியாகக் கால் சுற்று திருப்பினால் இது மூன்று வரிசைகளாக வேண்டும்:

ஞ க
ட ங
ண ச

ஆறு எழுத்துகளும் வேறுவேறாக இருப்பதால், திசை தவறினாலும் மடிப்பு தவறினாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். நான்கு முறை சுழற்றினால் பழைய கட்டமே வர வேண்டும் என்ற சோதனையைப் பலர் சொல்லித் தருகிறார்கள். அது தேவையான சோதனைதான், ஆனால் போதுமானதன்று: வலஞ்சுழிக்குப் பதிலாக இடஞ்சுழியாக எழுதிய நிரலும், எதையுமே செய்யாமல் கட்டத்தை அப்படியே திருப்பித் தரும் நிரலும் அதில் வெற்றி பெறும்.

வேலைவாய்ப்புத் தேர்வுகளுக்குத் தயாராகும் பலரும் முதலில் தேடிப் போவது லீட்கோட்டின் ‘ரொட்டேட் இமேஜ்’ புதிரைத்தான். ஒரு சதுர எண் அணியை வலஞ்சுழியாகக் கால் சுற்று திருப்ப வேண்டும். இரண்டாவது அணி எதையும் உருவாக்காமல் கொடுத்த அணிக்குள்ளேயே மாற்ற வேண்டும் என்பது நிபந்தனை. அணியின் அளவு அதிகபட்சம் 20. இந்த நிபந்தனையால் இரண்டு வழிகள் பிறக்கின்றன. ஒன்று, நான் மேலே சொன்னபடி இடமாற்று செய்து வரிசைகளைத் திருப்புவது. மற்றொன்று, வெளிச் சுற்றிலிருந்து உள்நோக்கி நான்கு நான்கு இடங்களாக மதிப்புகளைச் சுழற்றுவது: மேற்பக்கத்து மதிப்பு வலப்பக்கம் போக, வலப்பக்கத்தது கீழே போக, கீழேயிருந்தது இடப்பக்கம் போக, இடப்பக்கத்தது மேலே வரும்.

இரண்டாவது வழி அழகானதுதான். அளவு 5 என்றால் நடுவிலுள்ள ஓரிடம் அசையாமல் நிற்க, மற்ற 24 இடங்களும் ஆறு நால்வர் குழுக்களாகப் பிரிகின்றன என்பதைப் படம் வரைந்து காட்டும்போது மாணவர்கள் ஆர்வத்தோடு கவனிக்கிறார்கள். ஆனால் நிரலாக எழுதும்போது அவர்களுடைய முழு உழைப்பும் லூப்பின் எல்லைகளைச் சரிசெய்வதிலேயே செலவாகிறது. இடமாற்று வழியிலும் அதே எல்லைச் சிக்கல் இருக்கிறது: மூலைவிட்டத்திற்கு மேலேயுள்ள பாதியில் மட்டும் இடங்களை மாற்ற வேண்டியிருக்க, முழு அணியிலும் லூப்பை ஓடவிட்டால் ஒவ்வோர் இணையும் இருமுறை மாறி அணி தொடங்கிய நிலைக்கே வந்துவிடும். இந்தத் தவறுகள் பயனுள்ளவை. நினைவகத்தைச் சிக்கனமாகக் கையாளும் பாடமும் அவசியமானது. ஆனால் அது சுழற்சியைப் பற்றிய பாடமாக இல்லாமல் நினைவகத்தைப் பற்றிய பாடமாக ஆகிவிடுகிறது. ஒரே திசை, ஒரே செயல், எண்கள் மட்டும் என்பதால் எட்டு நிலைகளைப் பற்றிய எண்ணமே மாணவருக்கு எழுவதில்லை. மேலும், பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மொழிகளில் சரத்தை அதன் இடத்திலேயே மாற்ற முடியாது. உரைக் கட்டத்தோடு வேலை செய்யப்போகும் ஒருவருக்கு, உள்ளேயே மாற்றும் உத்தியைப் பயன்படுத்த அந்த மொழிகள் முதலில் எழுத்துகளின் பட்டியலாகப் பிரிக்கச் சொல்லும். பிரித்தவுடனே இரண்டாவது கட்டம் ஒன்று உருவாகிவிடுகிறது, நிபந்தனையின் நோக்கமும் போய்விடுகிறது.

இந்தக் காரணங்களால் அந்தப் புதிரை நான்காம் அமர்வுக்குத் தள்ளினேன். ஒருவருக்கு அடுத்த வாரமே நேர்முகத் தேர்வு இருக்கிறதென்றால் என் வரிசையை அவர் பின்பற்ற வேண்டியதில்லை. ‘ரொட்டேட் இமேஜ்’ புதிரில் இடமாற்று வழியை முதலில் எழுதிவிட்டு, பிறகு நால்வர் சுழற்சியைப் படம் வரைந்து விளக்கப் பழகிக்கொள்வதே அவருக்குப் பொருத்தமானது.

ஒலிம்பியாடின் ‘டிரான்ஸ்ஃபார்மேஷன்ஸ்’ கேள்வியையே திருப்பிப் போடுகிறது. முன் நிலையும் பின் நிலையும் தரப்பட்டிருக்கும். இடையில் என்ன நடந்தது என்பதை நாம் கண்டுபிடிக்க வேண்டும். பக்க அளவு 1 முதல் 10 வரை. கால், அரை, முக்கால் சுற்றுகளுக்கு முறையே 1, 2, 3 என்ற எண்கள், இடவலப் பிரதிபலிப்புக்கு 4, பிரதிபலித்த பிறகு ஏதேனும் ஒரு சுற்று திருப்பியிருந்தால் 5, மாற்றமில்லையென்றால் 6, எதுவும் பொருந்தவில்லையென்றால் 7. ஒன்றுக்கு மேற்பட்டவை பொருந்தினால் சிறிய எண்ணைச் சொல்ல வேண்டும். ஒரு சுழற்றியையும் ஒரு பிரதிபலிப்பையும் தனித்தனிச் செயற்கூறுகளாக எழுதி வைத்திருப்பவருக்கு இது பதினைந்து வரி வேலை. ஒவ்வொரு நிலைக்கும் தனிச் சூத்திரம் எழுதுபவருக்கு எட்டுச் சூத்திரங்களும், அவற்றுள் எங்கோ ஒரு குறியீட்டுப் பிழையும் கிடைக்கும். கோக்கும் பழக்கத்திற்கு இவ்வளவு வெளிப்படையாகப் பரிசளிக்கும் இன்னொரு சிறிய புதிரை நான் பார்க்கவில்லை.

இதில் ஒளிந்திருக்கும் கண்ணியும் எனக்குப் பிடித்தது. எல்லா இடங்களிலும் ஒரே குறியுள்ள கட்டம் மாறாமல் வந்தால் விடை 6 என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் கால் சுற்று திருப்பினாலும் அது மாறாதாகையால் சரியான விடை 1. சமச்சீரான கட்டங்களில் எட்டு நிலைகளும் எட்டு வெவ்வேறு தோற்றங்களாக இருக்க வேண்டியதில்லை என்ற உண்மையை மாணவர் தவறான விடையின் மூலம் கற்றுக்கொள்கிறார். கோப்பிலிருந்து படித்துக் கோப்பில் எழுத வேண்டும் என்பது புதியவர்களுக்குச் சற்றுத் தொல்லையாக இருக்கும். முன்பு சொன்ன புதுவரிக் குறிச் சிக்கலை இங்கே மறுபடி சந்திப்பார்கள் என்பதால் அதையும் நன்மையாகவே எடுத்துக்கொள்கிறேன். மூன்றாம் அமர்வு முழுவதையும் இதற்குக் கொடுக்கிறேன்.

செவ்வகக் கட்டங்களுக்கான குறையை நிரப்ப லீட்கோட்டிலேயே 1861ஆம் எண் புதிரான ‘ரொட்டேட்டிங் த பாக்ஸ்’ இருக்கிறது. கற்களும் தடைகளும் வெற்றிடங்களும் குறிகளாக நிரம்பிய ஒரு பெட்டியை வலஞ்சுழியாகத் திருப்பும்போது கற்கள் கீழே விழ வேண்டும். பெட்டி செவ்வகமாக இருக்கலாம். பக்கங்கள் 500 வரை நீளலாம். திருப்பிய பிறகு நெடுவரிசைகளில் கற்களை விழவைப்பதைவிட, திருப்புவதற்கு முன்பே ஒவ்வொரு வரிசையிலும் கற்களை வலப்பக்கமாக ஒதுக்கிவிட்டுப் பிறகு திருப்புவது எளிது. ஏனெனில் இன்றைய வலப்பக்கம்தான் நாளைய அடிப்பக்கம். சுழற்சியை வேலையைச் சுலபமாக்கும் கருவியாகப் பயன்படுத்தும் முதல் அனுபவம் இது. ஐந்தாம் அமர்வுக்கு இதை வைத்திருக்கிறேன்.

அட்வென்ட் ஆஃப் கோட் புதிர்களைப் பற்றி எனக்கு இரு மனமாகவே இருந்தது. 2020ஆம் ஆண்டின் 20ஆம் நாள் புதிரில் 144 சதுர ஓடுகள் தரப்படுகின்றன. ஒவ்வொன்றும் 10க்கு 10 எழுத்துகள் கொண்டது. ஒவ்வொன்றும் எட்டு நிலைகளுள் எதில் வேண்டுமானாலும் இருக்கலாம். ஓரங்களை ஒப்பிட்டு 12க்கு 12 ஓடுகளாக அடுக்கி, ஓரங்களை நீக்கி 96க்கு 96 எழுத்துகள் கொண்ட படத்தை உருவாக்கி, அந்தப் படத்தையும் எட்டு நிலைகளில் திருப்பி, மூன்று வரி உயரமும் இருபது எழுத்து நீளமும் கொண்ட கடல் விலங்கின் உருவத்தைத் தேட வேண்டும். முதற்பகுதி நான்கு மூலை ஓடுகளை மட்டும் கேட்பதால், அதற்கு எதையும் சுழற்ற வேண்டிய தேவையே இல்லை. எந்த ஓடுகளின் இரண்டு ஓரங்கள் வேறெதனோடும் பொருந்தவில்லை என்று எண்ணினால் போதும். இரண்டாம் பகுதியில்தான் உண்மையான உழைப்பு தொடங்குகிறது. எட்டு நிலைகளின் முழுப் பயனையும் காட்டும் புதிர் இதுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இரண்டு மணிநேர அமர்வில் இதை முடிக்கக்கூடிய மாணவர் என் குழுவில் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். கதையாக நீளும் ஆங்கில விவரணையும் தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்குக் கூடுதல் சுமை. கேள்வியைப் புரிந்துகொள்வதிலேயே அரை மணிநேரம் போய்விடும்.

ஆகவே அதை விட்டுவிட்டு, 2023ஆம் ஆண்டின் 14ஆம் நாள் புதிரை ஆறாம் அமர்வுக்கு எடுத்துக்கொண்டேன். உருளும் பாறைகளும் உருளாத பாறைகளும் உள்ள ஒரு தளத்தை வடக்கு, மேற்கு, தெற்கு, கிழக்கு என்று வரிசையாகச் சாய்ப்பது ஒரு சுற்று. அப்படி 100 கோடி சுற்றுகளுக்குப் பிறகு வடக்குத் தூண்கள்மீது விழும் பாரம் எவ்வளவு என்பது கேள்வி. நான்கு திசைகளுக்கும் நான்கு சாய்ப்பான்கள் எழுத வேண்டியதில்லை. வடக்கே சாய்க்க ஒன்று எழுதி, ஒவ்வொரு சாய்ப்புக்கும் பின் தளத்தை வலஞ்சுழியாகத் திருப்பினால், மேற்கு வடக்காகிவிடும். நான்கு முறை முடிந்ததும் தளம் பழைய திசைக்கே திரும்பியிருக்கும். 100 கோடி முறை ஓடவிட முடியாதாகையால், முன்பு பார்த்த அதே தளம் மறுபடி எப்போது வருகிறது என்று கண்டுபிடித்து இடையிலுள்ள சுற்றுகளைத் தாண்ட வேண்டும். முன்பு பார்த்ததை நினைவில் வைக்க, கட்டத்தைச் சரமாகவே பைத்தானின் அகராதியில் (டிக்ஷனரி) மதிப்பைத் தேட உதவும் திறவுகோலாக்கலாம். மாற்ற முடியாதது என்று ‘ரொட்டேட் இமேஜ்’ புதிரில் தடையாக நின்ற அதே குணம்தான் இங்கே சரத்தைத் திறவுகோலாகப் பயன்படுத்த அனுமதிக்கிறது. பைத்தானில் லிஸ்டை அப்படிப் பயன்படுத்த முடியாது.

முதல் இரண்டு அமர்வுகளும் சதுரச் சரங்களுக்கு என்று வைத்ததில் ஒரு மாற்றம் செய்தேன். இரண்டாம் அமர்வின் கடைசி அரை மணிநேரத்தில் தமிழ் எழுத்துகளால் ஆன கட்டம் ஒன்றைக் கொடுக்கிறேன். மேற்சொன்ன எல்லாப் புதிர்களும் ஓர் எழுத்துக்கு ஒரு குறியெண் (கணினியில் எழுத்தைக் குறிக்கும் எண்) என்ற எண்ணத்தின்மேல் கட்டப்பட்டவை. யூனிகோடில் தமிழ் அப்படியன்று. விகடகவி என்பது நம் கண்ணுக்கு ஐந்தெழுத்து. பின்னிருந்து வாசித்தாலும் அதே சொல். பைத்தானுக்கு அது ஏழு குறியெண்கள். திருப்பச் சொன்னால் இகரக் குறி முன்னால் அநாதையாக வந்து நிற்க, கடைசியில் வெறும் வகரம் மிஞ்சும். ஸ்விஃப்ட் மொழி எழுத்துகளை எண்ணும்போது உயிர்மெய்யை ஒன்றாகவே எண்ணும். ஜாவாஸ்கிரிப்டில் அதற்கெனத் தனிப் பிரிப்பான் உண்டு. பைத்தானில் வெளியிலிருந்து நிறுவும் ரெஜெக்ஸ் தொகுப்பு வேண்டும், அல்லது பின்வரும் குறியை முந்தைய எழுத்தோடு ஒட்டும் சிறு செயற்கூற்றை நாமே எழுத வேண்டும். நாமே எழுதுவதைத்தான் நான் பயிற்சியாகத் தருகிறேன்.

சோதிப்பதற்கு, எழுத்துகளை வடிவங்களில் அடுக்கிப் பாடும் நம் சித்திரகவி மரபிலேயே பொருத்தமான தரவு இருக்கிறது. சுழிகுளம் என்ற வகையில் எட்டெழுத்துகள் கொண்ட நான்கு வரிகள் அமையும். இலக்கண நூலார் காட்டும் ‘கவிமுதி யார்பாவே’ என்று தொடங்கும் செய்யுளை 4க்கு 8 கட்டமாக எழுதினால், இடப்பக்க நான்கு நெடுவரிசைகளால் ஆன சதுரம் இடமாற்றுக்குப் பின்னும் மாறுவதில்லை. வலப்பக்கச் சதுரம் மற்ற மூலைவிட்டத்தின் வழியே மடித்தால் மாறுவதில்லை. மாறாமையே விடையென்பதால், இடமாற்றுச் செயற்கூறு சரியா என்பதை இதைக்கொண்டு தனியே தீர்மானிக்க இயலாது. அதற்கு ககரம் முதல் ணகரம் வரையிலான அந்தச் சிறு செவ்வகம்தான் வேண்டும். எழுத்துகளைச் சரியாகப் பிரித்தோமா என்பதை மட்டும் இது ஐயமின்றிக் காட்டிக்கொடுக்கும். இடைவெளிகளை நீக்கிய பின் குறியெண்களாக எண்ணினால் நான்கு வரிகளும் முறையே 15, 14, 13, 15 என்று வருகின்றன. அவற்றை ஜிப்பிடம் கொடுத்தால் 13ஆவதோடு நிறுத்திவிட்டு, மூன்று வரிகளின் வால்களை ஓசையில்லாமல் வெட்டிவிடும். உயிர்மெய்யும் மெய்யும் முழு எழுத்தாகப் பிரிந்திருந்தால் நான்கு வரிகளிலும் எட்டெட்டு எழுத்துகளே நிற்கும்.